துரியோதனன் வேஷத்தில் ஒரு பெண்: கதை மாறாமல் ஊர் மாறுமா?

பாலாற்றங்கரை

போன வருஷம் செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்குப் பகடை துகில், அதாவது சூதாட்டமும் பாஞ்சாலி துகிலுரிதலும். துரியோதனன் வேஷம் கட்டியது ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கண்ணாடிச் சில்லு பதித்த அந்த மரக் கட்டைச் சாமான் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்றபடியே விருத்தம் பாடி, திரை விலகியதும் கிறுகி அடித்து, அதாவது சுழன்று ஆடி, களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்னாலிருந்து யாரோ "டேய், பொண்ணுடா" என்றது கேட்டது. கொஞ்ச நேரம் சலசலப்பு. அப்புறம் அது ஓய்ந்துவிட்டது, எல்லோரும் துரியோதனனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கதையில் ஒரு வரி மாறவில்லை. அதே சூதாட்டம், அதே சபை, அதே சேலை. ஆனாலும் ஆண்–பெண் விஷயத்தில் நான் பார்த்த எந்த "விழிப்புணர்வு நாடக"மும் செய்யாததை இது செய்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த நாடகங்கள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குடிக்கிற புருஷன், அழுகிற பொண்டாட்டி, கடைசியில் ஒரு போலீஸ் அம்மா வந்து வசனம் பேசுவார், அதற்கப்புறம் அதிகாரி சால்வை வாங்கிக்கொண்டு போவார். பார்க்கிறவனுக்குத் தன்னைச் சொல்கிறார்கள் என்ற எண்ணமே வராது, அவன் அந்தக் குடிகாரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போவான்.

கதையில் என்ன சொல்கிறோம் என்பதைவிடக் களத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

---

ராஜபார்ட் ரசிகன்

மறுக்கிறேன். பெண் மேடையில் நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதுசா? கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார், அதில் ஆண் வேஷமும் பெண்களே. அவர் நாடகம் பார்க்கவே ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935ல் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார், அந்தக் காலத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். ஒரு பெண், ஆண் வேஷம், அதுவும் நாயன்மார். யாரும் கல்லெடுத்து எறியவில்லை.

அதனால் என்ன மாறியது? மதுரை, புதுக்கோட்டை பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் இன்றைக்கும் பெண்கள் ஆடுகிறார்கள். விடிய விடிய வள்ளி திருமணத்தில் வள்ளியாக நின்று தர்க்கம் பண்ணி, பஃபூன் பேசும் இரட்டை அர்த்தத்துக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் சொல்லிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் முக்காடு போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். "நாடகக்காரி" என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது. மேடையில் நின்றால் போதும் என்றால் இவர்கள் நூறு வருஷமாக நிற்கிறார்களே.

---

முகவீணை

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜமா, அதாவது கூத்துக் குழு, வைத்திருக்கிறது, அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன். (தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்ற பெயர்ச் சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள், தனி இழை வைத்துக்கொள்ளலாம்.)

பெண்கள் கூத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லோரும் "தீட்டு" என்பார்கள். அது ஒரு காரணம், ஆனால் பாதிக் காரணம்தான். மீதியைக் கேளுங்கள். ஆட்டம் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை. ஒரு ஊரில் முடித்துவிட்டு அப்படியே வேனில் ஏறி அடுத்த ஊர். அரிதாரம் பூசுவது ஒரு கீற்றுக் கொட்டகையில், பதினைந்து ஆம்பிளைகளுக்கு நடுவில். கழிப்பறை என்று ஒன்று இருக்காது, வயல்தான். கோயில் பாரதம் என்றால் பத்து நாள், பதினைந்து நாள் வீட்டுப் பக்கமே போக முடியாது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்?

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னா டி புருயின் அம்மாவும் நடத்திய குருகுலம் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். கட்டைக்கூத்துச் சங்கம் 1990லேயே வந்துவிட்டது, குருகுலம் 2002ல். பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பையன்களோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். 2020ல் மூடினார்கள். பாலாற்றங்கரை பார்த்த மாதிரி பெண்கள் கட்டை வேஷம் கட்டுவதற்கு அதுதான் பெரிய வாசல். ஆனால் அங்கே கற்ற பெண்களிலும் கல்யாணத்துக்கு அப்புறம் ஆடுகிறவர்கள் குறைவு. கலை கைவிடவில்லை, மாமியார் வீடு விடவில்லை.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. பெண் வேஷம் கட்டுகிற ஆண்கள். என் சித்தப்பா முப்பது வருஷம் பாஞ்சாலி கட்டினார். துகில் அன்றைக்குத் துச்சாதனன் கட்டுகிறவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் களத்திலேயே கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவார், அம்மன் மேல் கை வைக்கிறோமே என்று. அந்த நேரம் சித்தப்பாவுக்கு அருள் வந்துவிடும், கிழவிகளெல்லாம் எழுந்து நின்று கும்பிடுவார்கள். மறுநாள் டீக்கடையில் அதே ஊர்க்காரர்கள் அவர் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். கும்பிட்ட கை காயவில்லை, கேலி வந்துவிடும். அவர் பையன் வேஷமே கட்ட மாட்டேன் என்று மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டான். பெண் ஆண் வேஷம் கட்டினால் "ஆகா", ஆண் பெண் வேஷம் கட்டினால் "ஹிஹி". இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

தொப்பூர் கணவாய்

பாலாற்றங்கரை விழிப்புணர்வு நாடகத்தை ஒரே வாக்கியத்தில் தூக்கிப் போட்டதுதான் எனக்கு எரிச்சல். நான் அந்த நாடகம் ஆடினவள். தொண்ணூறுகளின் கடைசியில், தருமபுரி மாவட்டத்தில், பெண் சிசுக்கொலைக்கு எதிராகக் கலைப்பயணம் போனோம். கள்ளிப்பால், நெல்மணி என்று இப்போது சினிமாவில் வசனமாகக் கேட்கிறீர்களே, அது எங்களுக்குப் பக்கத்து வீட்டு விஷயம். பக்கத்துச் சேலத்தில் 1992லேயே தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டிய நிலைமை.

சால்வை, அதிகாரி எல்லாம் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "குழந்தையைக் கொல்லாதே" என்று பாடிவிட்டு வருவதால் பிரயோஜனம் இல்லை என்பது ஆடியவர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. எந்தத் தாய் கொல்ல ஆசைப்படுகிறாள்? அதனால் நாங்கள் கணக்குப் போட்டுக் காட்டினோம். பெண் பிறந்தால் காது குத்துக்கு இவ்வளவு, மஞ்சள் நீராட்டுக்கு இவ்வளவு, தாய்மாமன் சீர் இவ்வளவு, நகை இவ்வளவு, வரதட்சணை இவ்வளவு, தலைப் பிரசவம் இவ்வளவு. ஒவ்வொரு சடங்காக, அந்தச் சடங்குக்குரிய பாட்டோடு. அதே காலத்தில் அ. மங்கை இயக்கத்தில் மௌனக்குரல் குழுவும் இப்படிச் சடங்குகளையே எடுத்துக்கொண்டு நாடகம் போட்டார்கள். அந்தச் சடங்குப் பாட்டெல்லாம் பார்க்க வந்த பெண்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கூடவே பாட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஊரில் ஒரு பாட்டி எழுந்து எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நிறுத்துங்கடி, இத்தனையும் வாங்கினவன் அங்க பீடி குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான், அவனக் கேளுங்க." கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆள் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அதற்கு மேல் நாடகம் நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. அதைவிட நல்ல ஆட்டம் நாங்கள் ஆடியதில்லை.

இது நாடகத்தால் மட்டும் மாறியது என்று சொல்ல மாட்டேன். கிராம சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், வழக்குகள் வந்தன, சங்கங்கள் வந்தன. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்த விஷயத்தைத் தெருவில் வைத்துப் பேச வைத்தது நாடகம். உங்கள் துரியோதனன் அதைச் செய்வானா?

---

புதுகைக்காரன்

அறிவொளி இயக்கத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு எப்படி? புதுக்கோட்டை, 1991. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தார்கள். "சைக்கிள் ஓட்டக் கத்துக்கணும் தங்கச்சி" என்று முத்துபாஸ்கரன் எழுதிய பாட்டு ஊர் ஊராகப் போனது. கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடிக்காரர்கள், செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டினார்கள். ஆம்பிளைகள் பேசாத பேச்சா? அதைக் கேட்டுக்கொண்டேதான் மிதித்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு, அதனால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அப்புறம் பார்த்தால் பலர் அதுதான் வேண்டும் என்றார்கள், குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாமே. தண்ணீர்க் குடம் பின்னால், பிள்ளை முன்னால்.

---

பாலாற்றங்கரை

புதுகைக்காரரே, நீங்கள் என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பாட்டில் ஆண் ஆதிக்கம் ஒழிக என்றா இருந்தது? சைக்கிள் கற்றுக்கொள் என்று இருந்தது. கூடவே சைக்கிளும், கற்றுக்கொடுக்க ஆளும், வாங்கக் கடனும் இருந்தன. பாட்டு கேட்டவள் மறுநாள் எதையாவது செய்ய முடிந்தது, அதுவும் ஊர் பார்க்க.

தொப்பூர் அக்கா, உங்கள் பாட்டி கதையும் அப்படித்தான். நீங்கள் எழுதிய வசனமா அந்தப் பீடிக்காரரை எழுப்பியது? பாட்டி களத்துக்குள் வந்ததால் அவர் எழுந்தார்.

---

தொப்பூர் கணவாய்

தம்பி, அந்தப் பாட்டி களத்துக்குள் வர ஒரு களம் வேண்டுமே, அதை யார் போட்டது? கணக்கைப் பாட்டாக்காமல் இருந்திருந்தால் அவர் எதற்காக எழுந்திருப்பார்? சும்மா கட்சி கட்டாதே.

---

பாரதப் பிரசங்கி

இங்கே எல்லோரும் மறந்துவிட்ட விஷயம், பாரதக் கூத்து கோயில் காரியம். காப்புக் கட்டி, கொடியேற்றி, பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. உங்கள் சமூக சீர்திருத்தத்துக்கு வேறு மேடை கிடைக்கவில்லையா? பாஞ்சாலியே பெண் தெய்வம்தான். அவளைக் கும்பிடுகிற ஊரில் போய்ப் பெண் உரிமை பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. கூத்து நூல்களை அவரவர் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தால் மிஞ்சுவது ஒன்றும் இருக்காது.

---

முகவீணை

ஐயா, நீங்கள் பெரியவர், மரியாதையோடு சொல்கிறேன். எந்த வாத்தியார் நூலில் உள்ளபடியே ஆடியிருக்கிறார்? எங்கள் தாத்தா வைத்திருந்த கர்ண மோட்சம் நோட்டில் கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி பகுதி நாலு பக்கம். களத்தில் அது ஒரு மணி நேரம் ஓடும். போருக்குப் போகிற புருஷனை "உன் குலம் என்ன, கோத்திரம் என்ன" என்று அவள் கேட்பதும், அதற்குக் கர்ணன் பேசுவதும் ஊருக்கு ஊர் வேறு. அந்தந்த ஊரில் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ அதற்குத் தகுந்த மாதிரி.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரனை எடுத்துக்கொள்ளுங்கள், அவனுக்கு நூலே கிடையாது. செல்போன் வரும், ரேஷன் கடை வரும், எல்லாம் வரும். கூடவே பொண்டாட்டி நக்கல், மாமியார் நக்கல், "பொம்பள புத்தி" நக்கல். இதெல்லாம் வியாசர் எழுதியதா? புதிதாகச் சேர்க்க உரிமை இருக்கிறது என்றால் எடுக்கவும் இருக்கிறது. பெண்கள் இருக்கிற செட்டில் கட்டியங்காரன் வாயை எப்படி அடக்கிப் பேசுகிறான் என்று நானே பார்த்திருக்கிறேன். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எதிரே தர்மராஜா வேஷத்தில் நிற்பது தன் கூடப் படித்த பெண், அவளிடமிருந்து எதிர்ப்பாட்டு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

பாஞ்சாலி தெய்வம்தான். படுகளத்தன்றைக்கு மண்ணால் செய்த துரியோதனன் தொடையைப் பிளந்து அந்தச் செஞ்சாந்தைத் தொட்டுத்தானே கூந்தல் முடிக்கிறாள், விரித்த முடியோடு அத்தனை நாள் காத்திருந்தவள். அதை நாங்கள் ஆடுகிறோம், நீங்கள் பிரசங்கத்தில் சொல்கிறீர்கள். ஆனால் அந்தக் கோயில் விழாக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? எங்கள் ஊரில் இல்லை.

---

வாவிக்கரை

மட்டக்களப்பில இருந்து. எங்கட பக்கம் வடமோடி, தென்மோடிக் கூத்து இரண்டும் காலங்காலமாக ஆண்கள் ஆடினவைதான். கூத்து பழக்குகிற அண்ணாவியார் ஆண், மத்தளம் ஆண், பெண் பாத்திரமும் ஆண். வட்டக்களரியைச் சுற்றிப் பெண்கள் விடியும்வரை இருந்து பார்ப்பார்கள், பாட்டு முழுக்க அவர்களுக்குத் தெரியும், ஆனால் களரிக்குள் கால் வைக்க முடியாது.

2000களின் ஆரம்பத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழு நண்பர்களும் ஊர்க் கூத்தர்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று ஒரு வேலை தொடங்கினார்கள். வெளியில் இருந்து ஒரு நாடகாசிரியர் வந்து பிரதியைத் திருத்திக் கொடுக்கவில்லை என்பதுதான் அதில் முக்கியம். கூத்து பழகும் இடத்திலேயே பாட்டு பாட்டாக எடுத்து, அண்ணாவியார், ஆடுகிறவர்கள், பார்க்க வந்த ஊர்ச்சனம் எல்லோரும் இருந்து கதைத்தார்கள். பெண்ணை இழிவாகச் சொல்லுகிற இடம், சாதி சொல்லுகிற இடம், இதை நாங்கள் இன்னும் பாட வேண்டுமா என்ற கேள்வி. சிலது போனது, சிலது பெரிய இழுபறிக்குப் பிறகும் நின்றது. பாலாற்றங்கரை சொல்லுகிற மாதிரி ஆளை மாற்றினால் போதும் என்றும் இல்லை, தொப்பூர் அக்கா சொல்லுகிற மாதிரி புதுக் கதை எழுத வேண்டும் என்றும் இல்லை. கூத்து பழகுகிற காலத்தில் நடக்கிற உரையாடலில்தான் விசயம் இருக்கிறது. அரங்கேற்றம் ஒரு இரவு, பழகுவது மாதக்கணக்கு.

---

கூவாகம் வழி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண் பெண்ணாகலாமா, பெண் ஆணாகலாமா என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் திருநங்கை, கரகம் ஆடுகிறவள். இதே பாரதத்தில் எங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. போரில் வெல்வதற்காகக் களப்பலியாகிற அரவானுக்கு, பலிக்கு முன்னால் கல்யாணம் செய்து வைக்கக் கண்ணன் மோகினியாக வந்தான். ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகத்தில் அந்த அரவானான கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறோம், மறுநாள் அறுத்துவிட்டு வெள்ளைப் புடவை. நாடு முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள், டிவி வருகிறது.

கதை எங்களை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது, எத்தனையோ தலைமுறையாக. அன்றைக்கு ராத்திரி ஊர் முழுக்க எங்களுக்கு மாமியார் வீடு. மூன்றாம் நாள் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பக்கத்துச் சீட்டில் உட்கார ஆள் இல்லை. முகவீணை அண்ணே, உங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததும் இதுதான். திருவிழாவில் எல்லாம் அனுமதி, விடிந்தால் பழையபடி. சில சமயம் எனக்குத் தோன்றும், ஊர் இந்த ஒரு ராத்திரியை அனுமதிப்பதே மீதி நாளெல்லாம் நிம்மதியாகப் பழையபடி இருப்பதற்காகத்தானோ என்று.

அதனால்தான் 2014ல் சென்னையில் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூவரும் பன்மை நாடகக் குழு தொடங்கியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதில் சாமி இல்லை, வரம் இல்லை. வீட்டில் வாங்கிய அடி, வேலைக்குப் போய் வாங்கிய பேச்சு, அதோடு எங்களுக்குள்ளே நாங்கள் அடித்துக்கொள்ளும் ஜோக்கு எல்லாம் இருந்தது. பார்க்கிறவர்கள் கும்பிடவும் முடியவில்லை, கேலி செய்யவும் முடியவில்லை, உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

---

ராஜபார்ட் ரசிகன்

கூவாகம் அக்கா சொன்ன அந்த "விடிந்தால் பழையபடி", நான் முதலிலேயே சொல்ல வந்தது அதுதான், இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. பாலாமணி அம்மாளுக்கு ஸ்பெஷல் ரயில் விட்ட ஊர்தான் கடைசிக் காலத்தில் அவர் வறுமையில் கிடந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை என்று பழைய நாடகக்காரர்கள் சொல்வார்கள்.

---

பாலாற்றங்கரை

சரி, விடிந்தால் பழையபடி என்பதை ஒத்துக்கொண்டே பேசுவோம். ஆனால் கூவாகமும் துரியோதனனும் ஒன்றில்லை, அக்கா. கூவாகத்துக்கு வருகிறவர்கள் ஊருக்கு வெளியாட்கள், மூன்றாம் நாள் போய்விடுவார்கள். இந்தப் பெண் அதே வட்டாரத்துக்காரி. கொட்டகைக்குப் பின்னால் அவள் அப்பா ஹார்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஆட்டம், அதற்கடுத்த வாரம் அதற்கடுத்த ஊர். வெற்றிலை பாக்கு வைக்க வந்தவர்கள் "அந்தத் துரியோதனன் பொண்ணு வருமா" என்று கேட்டு அட்வான்ஸ் கொடுத்ததை நான் பார்த்தேன். கேட்டது பெண் உரிமைக்காக இல்லை, நன்றாக ஆடுகிறாள், கூட்டம் வரும் என்பதற்காக. எனக்கு அந்த அட்வான்ஸில்தான் நம்பிக்கை.

முகவீணை அண்ணே, அந்த மாதிரி ஒரு பெண் கல்யாணத்துக்கு அப்புறமும் ஆட என்ன செய்ய வேண்டும்? சங்கீத நாடக அகாடமி விருதெல்லாம் வேண்டாம், ஜமா நடத்துகிறவராகச் சொல்லுங்கள்.

---

முகவீணை

மூன்று விஷயம் சொல்வேன், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. செட்டில் ஒரு பெண் இருந்தால் ஒரு வருஷத்தில் போய்விடுவாள், மூன்று நாலு பேர் இருந்தால் நிற்பார்கள். ஊர்க்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே தனிக் கொட்டகையும் கழிப்பறையும் கேட்டு வாங்க வேண்டும், சீரியல் லைட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்களுக்கு அது ஒரு செலவே இல்லை. இப்போது நாங்கள் கேட்கிறோம், பாதி ஊர் செய்கிறது, மீதி ஊரில் தலைவர் வீட்டுக் கொல்லையைத் திறந்து விடுகிறார்கள். மூன்றாவது, கைக்குழந்தை. எங்கள் செட்டில் ஒரு பெண் பிரசவத்துக்கு அப்புறம் திரும்பி வந்தாள், அவள் மாமியாரும் கூடவே வேனில் வருகிறார், பேரனைப் பார்த்துக்கொள்ள. வந்த புதிதில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது பின்பாட்டுக்காரன் வரியை விட்டால் இவர் எடுத்துக் கொடுக்கிறார்.

பாரதப் பிரசங்கி ஐயாவுக்கு: அடுத்த மாதம் வந்தவாசி பக்கம் பத்து நாள் ஆட்டம் பேசியிருக்கிறோம், துகில் ஏழாம் நாள். வந்து முன்வரிசையில் உட்காருங்கள், பார்த்துவிட்டு இங்கேயே வந்து திட்டுங்கள்.

---

பாரதப் பிரசங்கி

அந்தப் பத்து நாளும் பகலில் பிரசங்கம் நான்தான் ஐயா. ஏழாம் நாள் ராத்திரி இருந்து பார்க்கிறேன். துச்சாதனன் கற்பூரம் கொளுத்தாமல் சேலையில் கை வைத்தால் மட்டும் எழுந்து போய்விடுவேன், அதை இப்போதே சொல்லிவிட்டேன்.